பெரியவர்கள் வீட்டு நாய், பூனைக்குக் கைகொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு வயது 76. டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். கண்புரை ஆபரேஷனுக்கு மூன்று தடவை தேதி வாங்கினார், மூன்று தடவையும் தள்ளிப்போட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகன் எனக்குப் போன் போட்டு, "அம்மாவுக்குப் பயம், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்றார். சொல்லத்தான் போனேன். காபி கொடுத்தார், ஊர்க்கதை எல்லாம் பேசினார், ஆபரேஷன் பேச்சை மட்டும் எடுக்க விடவில்லை. கிளம்பும்போது வாசல் வரை வந்து, "ஆபரேஷன் பண்ணினா கொஞ்ச நாள் குனியவே கூடாதாமே. ஜிம்மிக்கு யாரும்மா சோறு வைப்பா?" என்று கேட்டார்.

ஜிம்மி ஒன்பது வயது நாட்டு நாய். பயம் என்று எல்லோரும் நினைத்தது பயமே இல்லை.

அன்று தொடங்கியது, இன்று எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் பெரியவர்களின் பிராணிகளைப் பார்த்துக்கொள்ள உதவுகிறேன். இரண்டு நாய், ஒரு பூனை. தனியாக இருக்கும் பெரியவர்களிடம் சொந்தக்காரர்கள் முதலில் சொல்வது, "உங்களையே பார்த்துக்க முடியல, இதை யாருக்காவது கொடுத்துடுங்க" என்பதுதான். பெரும்பாலும் அது தவறான யோசனை. காலை ஐந்தரைக்கு எழுந்திருக்க ஒரு காரணம், நாள் முழுக்க பேச்சுக்கு ஒரு துணை, இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறோம். உண்மையில் அவர்களால் முடியாமல் போவது நாலைந்து வேலைகள்தான்: குனிவது, இழுத்துப் பிடிப்பது, தூக்குவது, கழுவுவது, டாக்டரிடம் கொண்டுபோவது. இவற்றை வேறொருவர் ஏற்றுக்கொண்டால் மீதி எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பிரிட்டனில் சின்னமன் டிரஸ்ட் என்ற அமைப்பு 1985 முதல் இதையே செய்து வருகிறது. நடக்க முடியாத பெரியவரின் நாயைத் தன்னார்வலர் நடத்திக்கொண்டு வருவார். பெரியவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் பிராணியைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார். நமக்கு ஒரு தெரு போதும், இரண்டு பேர் போதும்.

முதல் நாள்: வேலை செய்யாதீர்கள், உட்காருங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதல் நாளே கயிற்றைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். வேண்டாம். இரண்டு மணி நேரம் சும்மா போய் உட்கார்ந்திருங்கள். அந்த நாய் உங்களை மோந்து பார்க்கட்டும். கண்ணுக்குக் கண் பார்க்காமல், கையை நீட்டாமல், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தால் அதுவே வரும்.

"உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று நேராகக் கேட்டால் "ஒண்ணும் இல்லையே" என்பார்கள். உதவி வேண்டும் என்று ஒப்புக்கொண்டால் நாயைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் உள்ளுக்குள் இருக்கும். அதனால் "காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஜிம்மி என்ன பண்ணும்?" என்று கேளுங்கள். ஆசையாகச் சொல்வார்கள். அந்தக் கதைக்குள்ளேயே எல்லாம் வந்துவிடும். எதிர்வீட்டு அம்மா அப்படித்தான், "குளிப்பாட்டி ஆறு மாசம் ஆச்சு, பாத்ரூம்ல வழுக்குது" என்று போகிற போக்கில் சொன்னார்.

கேட்டுக்கொண்டே கவனியுங்கள். நகம் தரையில் டக்டக் என்று சத்தம் போடுகிறதா? வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா? தண்ணீர்ப் பாத்திரம் காய்ந்து கிடக்கிறதா? கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிறதா? ஒரு விஷயம், பார்த்ததை அங்கேயே குறையாகச் சொல்லிவிடாதீர்கள். "நாளைக்கு நகம் வெட்டிடலாமா அம்மா?" என்று கேட்டால் போதும்.

வேலையைப் பிரிக்கும்போது எதை எடுக்கக் கூடாது

உதவுகிறேன் என்று எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொண்டால் ஒரே மாதத்தில் அந்த நாய் உங்கள் பின்னால் வர ஆரம்பித்துவிடும். அது அவர்கள் மனதை எவ்வளவு புண்படுத்தும் என்று நான் ஒரு வீட்டில் பார்த்துவிட்டேன். சோறு வைப்பது, தடவிக்கொடுப்பது, சீப்பால் வாரிவிடுவது, பேர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் அவர்களுடையது. நீங்கள் சோற்றைப் பிசைந்து தட்டில் போட்டுக் கொடுத்தாலும், தட்டை வைப்பது அவர்கள் கையாக இருக்கட்டும்.

குனிய முடியாதவர்களுக்கு ஒரு சின்ன ஏற்பாடு. முழங்கால் உயர முக்காலி ஒன்றின் மேல் கனமான எவர்சில்வர் பாத்திரத்தை வைத்துவிடுங்கள். உயரமான நாய் என்றால் அது அப்படியே நின்று சாப்பிடும். குள்ளமான நாய்க்கு, பாத்திரத்தைத் தரையிலேயே வைத்து, நீளக் காம்புள்ள சாம்பார்க் கரண்டியால் சோற்றை இறக்கலாம். தண்ணீரைக் கூஜாவிலிருந்து நின்றபடியே ஊற்றலாம். பூனைக்கு இன்னும் சுலபம். அது கழிக்கும் மண் தட்டை இடுப்பு உயர மேஜை மேல் வைத்தால் பூனை தாவி ஏறிக்கொள்ளும், பாட்டி குனியாமலே சுத்தம் செய்வார். வயதான பூனைக்கு மட்டும் ஏற ஒரு ஸ்டூல் போடுங்கள்.

விழுவதுதான் பெரிய ஆபத்து

வயதானவர்களை நாய் கடிப்பதை விட, நாய் தடுக்கி விழுவதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். இடுப்பெலும்பு முறிந்தால் அவர் படுக்கை, நாய் தெரு. எப்படி விழுகிறார்கள் என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்திருப்பார்கள், கருப்பு நாய் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் படுத்திருக்கும்.

கழுத்துப் பட்டையில் சின்ன மணி ஒன்று கட்டுங்கள், எங்கே நகர்கிறது என்று காதுக்குத் தெரியும். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு எரியட்டும். நாயின் சாக்கை வழியிலிருந்து எடுத்து, கட்டிலின் மறுபக்கம், சுவரோரம் போடுங்கள். அவர்கள் படுக்கும் பக்கம்தான் அதற்கும் வேண்டும், அதனால் ஒரு வாரம் அடம்பிடிக்கும், அப்புறம் பழகிவிடும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நாய் ஒரு பூனையைப் பார்த்து இழுத்தால் கயிற்றோடு ஆளும் போவார். உள்ளங்கையில் பிடித்தால், தேவைப்படும்போது விட்டுவிடலாம். கழுத்துப் பட்டைக்குப் பதில், கயிற்றை மார்பின் முன்பக்கம் மாட்டும் வார் போட்டால் இழுக்கும் வேகமும் குறையும்.

சோறு: பாசத்தால் வரும் தவறுகள்

பெரியவர்கள் தாங்கள் சாப்பிடுவதில் ஒரு பங்கு கொடுக்காமல் சாப்பிட மாட்டார்கள். அங்கேதான் சிக்கல். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் ரத்தச் சிவப்பணுக்களையும் அழிக்கும், வேகவைத்தாலும் அதன் விஷம் போகாது. சாம்பார் சாதம், வெங்காய வடை இரண்டும் கூடாது. திராட்சை, உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்தை வழித்துப் போடும்போது இதை யாரும் நினைப்பதில்லை. சாக்லேட்டும் வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் வீட்டில் இருக்கும் 'சர்க்கரை இல்லாத' சூயிங்கத்தில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அது நாயின் உயிருக்கே ஆபத்து.

தினமும் தயிர்சாதமும் மேரி பிஸ்கட்டுமே சாப்பிட்டு வளரும் நாய்கள் ஏராளம். வயிறு நிறையும், சதை பிடிக்காது, ரோமம் கொட்டும். சோற்றோடு வேகவைத்த முட்டை, உப்பும் மசாலாவும் போடாத கோழி, பரங்கிக்காய், கேரட் என்று மாற்றுங்கள். சைவ வீட்டு நாயைப் பருப்பு, பனீர், அவர்கள் சம்மதித்தால் முட்டை என்று டாக்டரிடம் கேட்டு ஓரளவு சமாளிக்கலாம். பூனையை அப்படி வளர்க்க முடியாது. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது, அது கிடைக்காத பூனைக்குக் கண் போகும், இதயம் பலவீனமாகும். பால்சாதத்திலேயே ஐந்து வருடம் வளர்ந்த பூனை வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கே தயக்கம்தான். "நீங்க சமைக்க வேண்டாம் பாட்டி, கடையில பாக்கெட்டா வருது, நான் வந்து பிரிச்சுப் போட்டுடறேன்" என்றேன். சரி என்றுவிட்டார்.

மறதி உள்ளவர்கள் வீட்டில் இன்னொன்று நடக்கும். சோறு வைத்ததை மறந்து திரும்ப வைப்பார்கள், அல்லது வைத்துவிட்டோம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். காலையிலேயே அன்றைக்கான சாப்பாட்டை மூடி போட்ட இரண்டு டப்பாக்களில் எடுத்துவைத்துவிடுங்கள், சிவப்பு காலைக்கு, பச்சை சாயங்காலத்துக்கு. சாயங்கால டப்பா மட்டும் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். டப்பா காலி என்றால் சாப்பிட்டாயிற்று. யாரும் யாரையும் "வெச்சீங்களா, இல்லையா?" என்று கேட்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வி அவர்களைக் கூசவைக்கும்.

மாத்திரையும் தைலமும்

பெரியவர்கள் வீட்டில் பி.பி., சர்க்கரை, மூட்டுவலி என்று மாத்திரை இல்லாத மேஜை கிடையாது. கை நடுங்கி ஒன்று கீழே விழும், நாய் நொடியில் முழுங்கிவிடும். மாத்திரை எடுக்கும்போது மடியில் ஒரு தாம்பாளம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், விழுந்தால் 'டங்' என்று சத்தமும் கேட்கும்.

நாய் நொண்டுகிறதே என்று தங்கள் வலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் பாழாக்கும். பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை போதும், உயிர் போய்விடும். மூட்டுக்குத் தேய்க்கும் தைலமும் கற்பூர எண்ணெயும் பூனையின் நாக்குக்குப் போகக் கூடாது. தைலம் தேய்த்த காலில் பூனை உரசாமல் பார்க்கவும். நாய்க்கு உண்ணி போக வாங்கிய மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அதைப் பூனைக்குப் போடவே கூடாது. "உடம்பு சுடுது, ஜுரம்" என்று உங்களைக் கூப்பிட்டால் பதறாதீர்கள். நாய்க்குச் சாதாரணச் சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். சாப்பாட்டை ஒதுக்குகிறதா, சோர்ந்து படுத்திருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் அப்படித்தான் தொடங்கும், உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

நடை

முதல் வாரம் மூன்று பேருமாகப் போங்கள். கயிறு அவர்கள் கையில், நீங்கள் பக்கத்தில். அப்புறம் பாதி தூரத்தில் அவர்கள் உட்கார ஒரு இடம் கண்டுபிடியுங்கள். எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் திண்ணையில் அம்மா உட்கார்ந்துகொள்வார், நானும் ஜிம்மியும் இரண்டு தெரு சுற்றிவிட்டு வருவோம். அதற்குள் அவருக்குப் பேச நாலு பேர் கிடைத்திருப்பார்கள். நாய் வெளியே போவது அவர்களும் வெளியே போகத்தான். கயிற்றை வாங்கிக்கொண்டு அவர்களை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. தெருநாய்கள் இருக்கும் தெருவை முதலிலேயே பார்த்துவைத்துத் தவிர்த்துவிடுங்கள். எதிரே வந்தால் ஓடாமல், கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, மெதுவாகத் திரும்பி நடங்கள். நாயின் கழிவை எடுத்துப் போட ஒரு பழைய பேப்பரும் கையில் இருக்கட்டும்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து பட்டையையும் கதவையும் சரிபாருங்கள். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிய நாயை 76 வயதில் தேடிப்போக முடியாது. பட்டையில் ஒரு போன் நம்பர் தொங்கட்டும், உங்களுடையதாகவே இருந்தாலும் சரி.

ஊசி, டாக்டர், ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் எழுதுங்கள்: பேர், வயது, கடைசியாக வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதி, பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசியின் தேதி, பூச்சி மருந்து கொடுத்த தேதி. வெறிநோய் ஊசி வருடா வருடம் தவறக் கூடாது. பூச்சி மருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. மழைக்காலத்துக்கு முன்னால் சேர்ப்பு ஊசியைப் போட்டுவிடுவது நல்லது, எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும்.

தனியார் கிளினிக்கின் செலவு பென்ஷனில் முடியாது என்றால், அருகில் அரசு கால்நடை மருந்தகம் எங்கே என்று பாருங்கள். பெரிய ஊர்களில் கால்நடை பன்முக மருத்துவமனை இருக்கும். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும், கூட்டம் அதிகம். நாய் என்றால் ஏற்றாத ஆட்டோக்கள் நிறைய. ஏற்றும் ஒருவரைப் பிடித்து அவர் நம்பரை நோட்டில் எழுதிவையுங்கள். சீட்டில் விரிக்க ஒரு பழைய போர்வை கொண்டுபோனால் அடுத்த தடவையும் வருவார்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், அதற்குத் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கும் வேலையை நீங்கள் செய்து கொடுங்கள், ஓ.டி.பி. வரும்போது அவர்கள் போன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடித்தாலோ பிறாண்டினாலோ

வயதானவர்களின் தோல் காகிதம் மாதிரி, விளையாட்டாக நகம் பட்டாலே கிழியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு அது நிற்கவும் நேரமாகும். ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள், ஊசி இலவசம். தோலில் போடும் முறையென்றால் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள். நம்ம வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள், டாக்டர் முடிவு செய்யட்டும். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணை நாய் நக்க விடவும் கூடாது.

அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால்

எதிர்வீட்டு அம்மாவின் கண் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு ராத்திரி மட்டும் ஜிம்மியை எங்கள் வீட்டில் படுக்கவைத்தோம், அம்மாவின் பழைய புடவை ஒன்றோடு. விடிய விடிய வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் இரண்டு ராத்திரி. மூன்றாவது வாரம் புடவையின் மேல் சுருண்டு தூங்கிவிட்டது. அந்தப் போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "தேதி வாங்கிடு" என்றார்.

இந்த ஒத்திகையை அவர்கள் நன்றாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். அவசரம் எப்போது வரும் என்று தெரியாது. அவர்கள் பர்ஸில் ஒரு அட்டை இருக்க வேண்டும்: "என் வீட்டில் நாய் தனியாக இருக்கிறது, இந்த நம்பருக்குச் சொல்லுங்கள்." மாற்றுச் சாவி ஒன்று உங்களிடம், இன்னொன்று வேறொருவரிடம். நீங்கள் ஊரில் இல்லாத நாளும் வரும், அதனால் இரண்டாவது ஆளை இப்போதே பழக்குங்கள். வீடு திரும்பிய பிறகு, டாக்டர் சொல்லும் நாள் வரை நாய் முகத்தருகே தாவாமல் பார்க்க வேண்டும். நாங்கள் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஜிம்மியைக் கயிற்றில் பிடித்தபடி, கையை மட்டும் நக்க விட்டோம். அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டோம்.

அபார்ட்மென்டில் தகராறு வந்தால்

இந்திய விலங்கு நல வாரியம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டுப் போட்டும் வளர்ப்புப் பிராணிக்குத் தடை விதிக்க முடியாது, லிஃப்ட்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது. அந்தத் தாளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் நீட்டாதீர்கள். கூட்டமில்லாத நேரத்தில் லிஃப்ட், கையில் பேப்பர், வராந்தா சுத்தம் என்று இருந்தால் முக்கால்வாசிச் சண்டை வராது.

புதிதாக ஒன்று வேண்டும் என்று கேட்டால்

குட்டி வாங்கித் தராதீர்கள். பிறந்தநாள் பரிசாகப் பேரன் கொண்டுவந்து விடும் லேப்ரடார் குட்டி ஆறு மாதத்தில் தாத்தாவை இழுத்துத் தள்ளும். நாலைந்து வயது தாண்டிய, தெருவிலோ காப்பகத்திலோ இருக்கும் அமைதியான நாட்டு நாய்தான் நல்ல பொருத்தம். குணம் ஏற்கெனவே தெரியும், கடிக்கும் பருவமும் முடிந்திருக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் ஓடப் பிறந்தவை, ஒரு வராந்தாவுக்குள் அடங்காது. கால் முடியாதவர்களுக்குப் பூனை மேல். கிளி கேட்பவர்கள் நிறைய. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972ன்படி குற்றம், அதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

யாரிடம் போகும் என்று எழுதிவைப்பது

இந்தப் பேச்சை எடுக்கத் தயங்குவோம். அவர்கள் தயங்குவதில்லை, ராத்திரி தூக்கம் வராமல் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். 2024ல் மறைந்த ரத்தன் டாடா தன் நாய் டிட்டோவின் பராமரிப்புக்கு உயிலில் ஏற்பாடு செய்திருந்ததாகச் செய்தி வந்தபோது, அம்மாவே என்னைக் கூப்பிட்டு, "நாமளும் எழுதிடலாமா?" என்றார். நாயின் பேரில் பணம் எழுதிவைக்க முடியாது, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் பேரில்தான் வைக்க வேண்டும். அந்த ஆள் வாய்விட்டுச் சம்மதித்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்க வேண்டும், பிறகு யாரும் முறைக்காமல் இருக்க. பணம் கொஞ்சம் பெரிது என்றால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட உதவுவது, பிராணியைப் பற்றி அவர்களே கைப்பட எழுதும் இரண்டு பக்கம். என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், எப்படித் தூங்கும், எந்த இடத்தில் தொட்டால் பிடிக்காது. கை நடுங்கினால் அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மா தானே எழுதினார், டீச்சர் கையெழுத்தில், வரி கோணாமல். கடைசி வரி இது: "இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். இழுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பேர் சொல்லிக்கொண்டிருங்கள், மழை விட்டதும் தானே வரும்."